கோடு போட்ட பேஸ், கோடு போடாத பேஸ்

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருத்தர், மூலையில் சாத்தி வைத்திருந்த என் பேஸ் கிடாரை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஃப்ரெட் எல்லாம் தேஞ்சு போச்சா?" என்றார். தேயவில்லை ஐயா, பிறந்ததிலிருந்தே கிடையாது என்றேன். "அப்ப இந்தக் கோடு எதுக்கு?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் :-)

வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான் ஃப்ரெட். கட்டையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. விரல் கொஞ்சம் முன்னே பின்னே பட்டாலும் சுரம் சரியாக வரும். முன்பெல்லாம் மேற்கத்திய இசையில் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸ்தான். வயலின் மாதிரி அதற்கும் மெட்டு கிடையாது. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு, டிரம்ஸ் சத்தத்தில் காதிலும் விழாது. 1951-ல் லியோ ஃபெண்டர் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கொண்டுவந்து அதற்கு ஃப்ரெட்டும் வைத்தார். பெயர் பிரெசிஷன் பேஸ். சுருதி பிசகாது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார் மனுஷன்.

பத்தே வருஷம். 1961-ல் இங்கிலாந்தில் பில் வைமன் (பிற்பாடு ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர்) மலிவான பேஸ் ஒன்றை வாங்கினார். ஃப்ரெட் சரியில்லை. புதுசு போடலாம் என்று பழசைப் பிடுங்கினார். வாசித்துப் பார்த்தால் இதுவே நன்றாக இருக்கிறதே! புது ஃப்ரெட் போடவே இல்லை. கம்பெனிகள் விழித்துக்கொண்டது அப்புறம்தான்: 1966-ல் ஆம்பெக், 1970-ல் ஃபெண்டர்.

இனிமேல்தான் நம்ம ஆள் வருகிறார்.

ஜாக்கோ பாஸ்டோரியஸ். பிறந்தது 1951 டிசம்பர், பிரெசிஷன் பேஸுக்கும் அவருக்கும் ஒரே வயசு. வளர்ந்தது ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேலில். முதலில் டிரம்ஸ்தான் வாசித்தார். ஃபுட்பாலில் மணிக்கட்டு போனதும் பேஸுக்கு வந்தார். காசு சேர்த்து ஒரு டபுள் பேஸ் வாங்கினாராம். கடற்கரை ஊர் ஈரம் சும்மா இருக்குமா? ஒருநாள் காலையில் பார்த்தால் மரம் பிளந்து கிடந்ததாம். அந்த ஒலி வேண்டும், ஆனால் ஈரத்தில் பிளக்காத பேஸ் வேண்டும். அதனால் 1962-ம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வெண்ணெய்க் கத்தியை வைத்து ஃப்ரெட்டை எல்லாம் நெம்பி எடுத்ததாக ஒரு பேட்டியில் சொன்னார். வாங்கும்போதே யாரோ பிடுங்கியிருந்தார்கள் என்று இன்னொரு தடவை சொன்னார். மனுஷருக்குக் கதை சொல்வதில் அவ்வளவு இஷ்டம்.

பள்ளங்களை மர மக்கு வைத்து அடைத்தார். அவர் போட்ட ஸ்டீல் சுற்றுக் கம்பிகள் ரம்பம் மாதிரி, ஃப்ரெட் இல்லாவிட்டால் நேராக மரத்தையே அறுக்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் படகுக்குப் பூசுகிற எபாக்ஸி. கட்டை முழுக்கப் பூசிவிட்டார். மரம் பிழைத்தது, கண்ணாடி மாதிரி இறுகிய அந்தப் பரப்பில் கம்பி லேசாக உரசி, 'ம்வா' என்று வாய் திறந்து பாடுகிற ஒலியும் கிடைத்தது.

1976-ல் அவர் பெயரிலேயே வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'டோனா லீ'. சார்லி பார்க்கர் குழு 1947-ல் பதிவு செய்தது, சாக்ஸஃபோனுக்கே மூச்சு வாங்கும். ஜாக்கோ அதை பேஸில் வாசித்தார். துணைக்கு டான் அலையஸின் காங்கா மட்டும். பியானோ கிடையாது, கிடார் கிடையாது, ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதே வருஷம் வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா'விலும் வாசித்தார். எண்பதுகளில் வந்த பினோ பாலடினோ, மிக் கார்ன் எல்லாம் அருமையான ஆட்கள்தான், ஆனால் அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். நன்றாக பேஸ் வாசிக்கிற ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "கோடு போட்ட ஃப்ரெட்லெஸ்ஸா? சின்னப் பசங்க சைக்கிள்ல ரெண்டு குட்டிச் சக்கரம் மாட்டுவாங்களே, அது மாதிரி." சுருக்கென்றது. ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. ஜாக்கோவின் பேஸில் மக்கு அடைத்த பள்ளம் ஒவ்வொன்றும் பளிச்சென்று கோடாகத்தானே தெரிகிறது! குட்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டா அவர் 'டோனா லீ' வாசித்தார்?

ஆனாலும் கோடு ஏமாற்றும், அனுபவத்தில் சொல்கிறேன். ஃப்ரெட் உள்ள பேஸில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் வைப்போம். ஃப்ரெட்லெஸ்ஸில் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். நான் பழைய பழக்கத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவில் வைத்து நாலு மாசம் வாசித்தேன். ரெக்கார்ட் செய்து கேட்டால் எல்லாச் சுரமும் கொஞ்சம் கொஞ்சம் கீழே! இன்னொரு வம்பு, மேலேயிருந்து குனிந்து பார்க்கும்போது கோடு இருக்கிற இடம் கண்ணுக்குத் தள்ளித் தெரியும். 34 அங்குலக் கம்பியில் முதல் அரைச்சுரத்துக்கு 1.9 அங்குல இடம், பன்னிரண்டாவது கோட்டருகே ஒரு அங்குலம்தான். அங்கே 6 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அரைச்சுரத்தில் கால் பங்கு போச்சு. கோடு பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விடும், சரியான கதவைத் தட்ட வேண்டியது காதுதான்.

ஜாக்கோவின் கடைசி வருஷங்களை எழுத மனசு வரவில்லை. 1982-ல் பைபோலார் மனநோய் என்று கண்டறிந்தார்கள். குடி வேறு. தெருவில் கிடந்தார். 1986-ல் நியூயார்க் பூங்கா ஒன்றில் அந்த பேஸ் திருடு போனது. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளப்புக்குள் நுழையப் பார்த்தபோது அங்கே வேலை பார்த்தவர் அடித்த அடியில் கோமாவில் விழுந்து, 21-ம் தேதி இறந்தார். வயசு 35. அடித்தவருக்கு 22 மாத சிறைத் தண்டனை. அதில் உள்ளே இருந்தது நாலே மாசம். படித்தபோது எனக்கு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை.

பேஸ் 2006-ல் நியூயார்க்கிலேயே வெளிப்பட்டது. அதுதானா, யாருக்குச் சொந்தம் என்று இழுபறி. கடைசியில் மெட்டாலிகாவின் பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ட்ரூஹியோ 2010-ல் பணம் கொடுத்து மீட்டு, குடும்பம் எப்போது கேட்டாலும் அதே விலைக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

இன்டர்நெட்டில் அதன் படம் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். எபாக்ஸிக்கு அடியில் அந்தக் கோடுகள் அப்படியே இருக்கின்றன.