கதை எழுதியே சட்டத்துல கை வச்ச ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென்

ஒத்த ஆளா குதிரையைத் தூக்குற பிப்பி லாங்ஸ்டாக்கிங் ஞாபகம் இருக்கா? 1945-ல அந்தப் புத்தகத்தை எழுதினவங்க ஸ்வீடன்காரங்க ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். குழந்தைகளுக்குக் கதை சொன்னவங்க நாட்டோட சட்டம் வரைக்கும் எப்படிப் போனாங்க? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

1976 மார்ச். அவங்களுக்கு வயசு 68. கூடுதலா சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 குரோனருக்கும் 102 குரோனர் கட்டணும்னு கணக்கு வருது. சதவீதம் நூறைத் தாண்டினா நாம உடனே பக்னு டிக்கெட் போடுவோம்ல? இதுவும் பக்தான். சொந்தமாத் தொழில் செய்றவங்க வருமான வரியும் கட்டணும், முதலாளி கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையும் கட்டணும். ரெண்டும் சேர்ந்து எகிறிடுச்சு.

அவங்க மனு எழுதலை. 'எக்ஸ்பிரஸ்ஸன்' பத்திரிகைக்கு ஒரு நையாண்டிக் கதை எழுதினாங்க. இவங்களுக்குக் கதை வரும், கணக்கு வராதுன்னு நிதியமைச்சர் குன்னார் ஸ்ட்ரெங் கிண்டல் பண்ணார். கடைசியில கணக்கு சரிதான்னு ஆச்சு. அந்த செப்டம்பர் தேர்தல்ல, 40 வருஷத்துக்கும் மேல ஆட்சியில இருந்த சமூக ஜனநாயகக் கட்சி தோத்துச்சு. அணுமின்சாரம் மாதிரி வேற காரணங்களும் இருந்தது. ஆனா இந்தக் கதையை விட்டுட்டு அந்தத் தேர்தலை யாரும் பேசுறதில்லை. இத்தனைக்கும் லிண்ட்கிரென் அதே கட்சியோட ஆதரவாளர்!

1978 அக்டோபர், ஃபிராங்க்ஃபர்ட். ஜெர்மன் புத்தக வணிகர்கள் தர்ற அமைதிப் பரிசு. உரையை முன்கூட்டியே படிச்ச அமைப்பாளர்கள், பேச வேண்டாம், பரிசை மட்டும் வாங்கிக்கங்கன்னாங்க. அப்படின்னா நான் வரவே மாட்டேன்னுட்டாங்க. பேசினாங்க.

அதுல ஒரு கதை. தப்பு செஞ்ச பையனை அடிக்க, நீயே போய் ஒரு குச்சி கொண்டு வான்னு அம்மா அனுப்புறாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவன் அழுதுக்கிட்டே திரும்பி வர்றான். குச்சி கிடைக்கலையாம். அதுக்குப் பதிலா, என் மேல எறிங்கன்னு ஒரு கல்லை நீட்டுறான். வலிக்க வைக்கிறதுதான் அம்மாவுக்கு வேணும்னா, கல்லும் சரிதானேன்னு அவன் நினைச்சிருக்கான். அம்மா உடைஞ்சு போயிட்டாங்க. அந்தக் கல்லை சமையலறை அலமாரியில வச்சு, இனி அடிக்கவே கூடாதுன்னு தினமும் பார்த்துக்கிட்டாங்க.

1979 ஜூலை 1 முதல், பெத்தவங்களும் குழந்தையை அடிக்கக் கூடாதுன்னு ஸ்வீடன்ல சட்டம். உலகத்துலேயே முதல் நாடு. இந்த ஒரு பேச்சால சட்டம் வந்துடலை. அதுக்கான வேலை ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருந்தது. இந்தச் சட்டத்துல தனியா தண்டனையே கிடையாது. அதுக்குப் பதிலா, பால் அட்டைப்பெட்டி மேலேயே விஷயத்தை அச்சடிச்சாங்க. காலைச் சாப்பாட்டு மேசையிலேயே அம்மா, அப்பா, பிள்ளைங்க எல்லாரும் படிச்சாங்க. அவங்க பேசின ஜெர்மனியில இதே மாதிரி சட்டம் வர 2000 ஆச்சு.

1985-லேர்ந்து, கால்நடை மருத்துவர் கிறிஸ்டினா ஃபோர்ஸ்லுண்ட் கூடச் சேர்ந்து பண்ணை மாடு, பன்னி, கோழிகளுக்காக எழுதினாங்க. 1988-ல விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. மக்கள் அதை 'லெக்ஸ் லிண்ட்கிரென்'னே கூப்பிட்டாங்க. அவங்களுக்கு அதுல திருப்தி இல்லை, பல் இல்லாத சட்டம்னு நினைச்சாங்க. பேரு கிடைச்சது போதும்னு உட்காரலை.

'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்'னு கேட்டு வளர்ந்தவங்க நாம. அதை அடுத்த தலைமுறைக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்தப் பையன் கையில இருந்த கல்லை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.