வில்லனாக நடித்த முக்கோணம்

ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். இந்த மூன்றை நடிகர்களாக வைத்து சினிமா எடுக்க முடியுமா? ‘என்ன சார், கணக்குப் பாடமா?’ என்று கேட்காதீர்கள். எடுத்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மெல் என்ற இருவர் 1944-ல் வெளியிட்ட மனோதத்துவ ஆராய்ச்சி அது. படத்தில் முகம் கிடையாது, வசனம் கிடையாது. அந்த வடிவங்கள் நகரும், மோதும், துரத்தும். அவ்வளவுதான். 34 பேரிடம் போட்டுக் காட்டி, ‘பார்த்ததை எழுதுங்கள்’ என்றார்கள். ஒரே ஒருத்தர்தான் அவற்றை வெறும் வடிவங்களாக எழுதினார். மற்றவர்களுக்கு எல்லாமே உயிருள்ள ஜீவன்கள்! பலருக்கு அந்தப் பெரிய முக்கோணம் பக்கா ரவுடி!

ஆக, அசைவு இருந்தால் போதும், நம் மனசே உயிர் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் அச்சு அசலாக மனுஷ உருவத்தையே செய்துவிட்டால்?

செய்தார்கள். 2001-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ படத்தில் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் மனிதர்கள். கதாநாயகிக்கு மட்டும் சுமார் 60,000 தலைமுடி! செலவு சுமார் 13.7 கோடி டாலர். வசூலோ 8.5 கோடிதான். படமெடுத்த ஸ்டூடியோவை மறு வருஷமே மூடினார்கள். கதை எடுபடவில்லை என்பது ஒரு காரணம். அந்த முகங்களில் ஏதோ ஒன்று உறுத்தியது இன்னொரு காரணம்.

இந்த உறுத்தலை 1970-லேயே சொன்னவர் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ நிபுணர். நிஜக் கை என்று நினைத்துக் குலுக்கிய செயற்கைக் கை சில்லென்று இருந்தால், சட்டென்று உடம்பு கூசுமில்லையா? பொம்மை மனுஷனை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும். ரொம்ப நெருங்கியதும் திகிலாகிவிடும் என்றார். அதுவே அசைந்தால் திகில் இன்னும் கூடுமாம்!

குரலும் இப்படித்தான். மனுஷ முகத்துக்கு மெஷின் குரல், ரோபோ முகத்துக்கு மனுஷக் குரல் என்று மாற்றிப் பொருத்தி 2011-ல் ஒரு சோதனை நடந்தது. ஜோடி மாறியபோதெல்லாம் பார்த்தவர்களுக்கு அமானுஷ்யமாகப் பட்டது.

‘ஏதோ சரியில்லையே’ என்கிற அந்தக் கூச்சம் படத் தயாரிப்பாளர்களுக்கு நஷ்டம். நமக்கோ அது வாசலில் நிற்கும் காவல்காரன். அவன் கண்ணிலும் இப்போது மண் தூவுகிறார்கள். 2023-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஒரு மென்பொருளுக்கு, ஒருவர் குரலைக் காப்பியடிக்க 3 விநாடிப் பதிவு போதும்!

எனவே, உங்கள் பிள்ளையின் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால் காதை நம்பாதீர்கள். போனை வைத்துவிட்டு, அவன் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.