தோல் நுனி செய்த வேலை

பில்லியர்ட்ஸை மாற்றியது ஆடியவர் கையைவிடக் கோலின் நுனிதான் என்பேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது வெறும் மரம். பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகிக் குத்தினாலே வழுக்கிவிடும். பிரான்சின் ஆட்டக்காரர் மிங்கோ அதில் தோல் வில்லை பொருத்திப் பந்தைப் பின்னிழுத்தார், பக்கவாட்டில் சுழற்றினார். 1827இல் அந்த அடிகளை நூலாகவே வெளியிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதானே இது என்பார்கள். நேராக அடிக்கும்வரை சரி. ஓரத்தில் குத்தும்போது பந்தைப் பற்றுவது உராய்வு. அதை மணிக்கட்டு தராது. நுனியில் தேய்க்கும் சாக் கட்டியின் வேலையும் அந்த உராய்வைத் தருவதே. 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸும் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை பெற்ற சாக்கில் சுண்ணாம்பைவிடச் சிலிக்காவுக்கே வேலை (பெயர்தான் சாக்!). அடிபட்டு இறுகிக் கண்ணாடிபோல் மினுங்கும் தோலில் அந்தத் தூளும் ஒட்டாது. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர் நுனியை அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, நாணய விளிம்பின் வளைவுக்குக் கொண்டுவருகிறார்.