குட்டை நெல் வந்த கதை



பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தைக் கூட்டினால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். சாயாத குட்டை நெல் எப்படி வந்தது?

பயிரின் மரபணுவில் எப்போதாவது தானாகவே ஒரு மாற்றம் விழும். இதைச் சடுதி மாற்றம் என்பார்கள். பெரும்பாலும் அதனால் கெடுதல், இல்லாவிட்டால் பயனில்லை. தைவான் நாட்டு 'டீ-ஜியோ-ஊ-ஜென்' நெல்லில் அப்படி விழுந்த மாற்றம் பயிரைக் குட்டையாக்கியது. நெட்டைப் பயிரின் நிழலில் குட்டைக்கு ஏதுங்க மதிப்பு? ரசாயன உரம் வந்த பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. 1962-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தோனேசியாவின் நெட்டை ரகமான 'பீட்டா'வுடன் அதை இனக்கலப்பு செய்தார்கள். 1966-ல் ஐ.ஆர்.8 வெளிவந்தது. நாலே வருஷந்தான்!

மாற்றம் தானாக விழும்வரை காத்திருக்கணுமா? வேண்டியதில்லை. எக்ஸ் கதிர் பட்டால் பார்லியில் மாற்றங்கள் பெருகுவதை 1928-லேயே ஸ்டாட்லர் காட்டினார். காமா கதிர் மூலம் ஜப்பானில் 1966-ல் 'ரெய்மெய்', கலிபோர்னியாவில் 1976-ல் 'கால்ரோஸ் 76' என்ற குட்டை நெல்கள் வந்தன. 2002-ல் ஆராய்ந்து பார்த்தால், தைவான் நெல்லிலும் இவை இரண்டிலும் மாறியிருந்தது ஒரே மரபணு! தண்டை நீட்டும் ஜிப்ரெலின் ஊக்கியைத் தயாரிக்க உதவுவது அது.

ஆக, கதிர்வீச்சு மாற்றங்களின் எண்ணிக்கையைக் கூட்டும். நல்லதைப் பொறுக்கித் தராது. பொறுக்குவது மனிதன் கண்தான். இன்று உதவாத குணம் நாளைக்கு உதவலாம். அதனால், வீட்டிலிருக்கும் பழைய ரக விதையைத் தொலைத்துவிடாதீங்க.