மனுவும் கடிதமும்

சேரிக்கு ஆங்கிலம் முதலில் மனுவாகத்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்கள் திருச்சி ஜில்லாவில் இருந்தன. நத்தமோ, சுடுகாட்டுப் பாதையோ, விவகாரம் தாசில்தாரைத் தாண்டி மேலே போக வேண்டுமென்றால் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஊர்க்காரன் கை. நம்ம குறையில் அவன் விட்டது போக மிச்சத்தைத்தான் துரை படித்தான்.

இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி நடத்தினால் அதிகாரம் முழுக்கச் சாதி இந்துக்கள் கைக்குத்தான் போகும் என்று 1893-ல் பறையர் மகாஜன சபையின் பேரில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3,412 கையெழுத்து. 'பறையன்' பத்திரிகை தொடங்கியதும் அதே வருஷம்தான். மனு என்றால் கும்பிட்டுக் கேட்பது என்றே பழகிப்போன நமக்கு, வாதாடுகிற மனுவும் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

பின்னால் வந்த தலைமுறைக்கு வேறொரு ஆங்கிலக் கடிதம் வாய்த்தது: நன்றிக் கடிதம். மிஷன் போர்டிங் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் குடும்பங்கள் மாதாமாதம் பணம் அனுப்பும். 1959-ல் ஜெர்மனியில் தொடங்கிய கிண்டர்நோத்ஹில்ஃபே முதலில் உதவியது இந்தியக் குழந்தைகளுக்குத்தான். அந்தச் சோறு பல ஆயிரம் பேரைப் படிக்க வைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடிதம்? வார்டன் கரும்பலகையில் எழுதிப்போடுவார், எல்லாரும் பார்த்து எழுதுவோம். நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன். கூரை ஒழுகினதோ, அம்மா கூலி கேட்டு வசவு வாங்கினதோ அதுல வராது. யாருக்கு எழுதுறோம்னும் தெரியாது. ஒரு போட்டோ, ஒரு பேரு, அவ்ளோதான்.

இப்படி எழுதியவர்கள் ஜீன் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கப் பெண் 1912-ல் எழுதிய 'டாடி லாங் லெக்ஸ்' நாவலைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். ஜெருஷா அபட் ஓர் அநாதை விடுதிப் பெண். பெயர் சொல்லாத ஒரு பணக்காரர் அவளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். ஜான் ஸ்மித் என்ற புனைபெயருக்கு அவள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், பதில் வராது. நாவலில் பெரும்பகுதி அந்தக் கடிதங்கள்தான். அவள் பெயரே கல்லறைக் கல்லிலிருந்தும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் விடுதிக்காரி எடுத்து ஒட்டியது. ஊர் வைத்த பெயரை மூன்று தலைமுறை சுமந்த நமக்கு இது புதுசா என்ன? பள்ளிக்கூடத்தில் தர்மத்துக்கு வந்த பழைய துணியைப் போட்டுக்கொண்டு, அந்தத் துணிக்கு முதலில் சொந்தக்காரியாக இருந்தவள் பக்கத்திலேயே உட்கார நேருமோ என்று கூசிக் கிடந்ததையும் எழுதுகிறாள்.

கரும்பலகை இல்லாமல் எழுதுகிறாள் என்பதுதான் இதில் விசேஷம். கோபப்படுகிறாள், கிண்டலடிக்கிறாள், விடுதியை வெறுக்கிறேன் என்கிறாள்.

சில வருஷமாக விடுதிப் பிள்ளைகளோடு (2025 வரை ஆதிதிராவிடர் நல விடுதி, இப்போது சமூகநீதி விடுதி, போர்டு மாறியிருக்கிறது) இதை வைத்து இங்கிலீஷ் படிக்கிறோம். கடிதம் என்பதால் நான், நீ என்றே போகிறது. ஒரு நாளைக்கு ஒரு கடிதம், கதை பாக்கி நிற்காது. ஜெருஷாவே கற்றுக்கொண்டிருப்பவள். மைக்கேல் ஏஞ்சலோ என்றால் தேவதூதன் என்று நினைத்து வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகிறாள்; மற்றவர்கள் சின்ன வயதிலேயே படித்த புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டு ராத்திரியில் படிக்கிறாள். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வாய்மூடி உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்துக்கு அகராதி தேவைப்படாது.

இது பொழுதுபோக்குக்காகச் செய்வதில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவர். 2017-ல் நீட் வழக்குக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். அவர் படித்தது தமிழ் வழி, அந்த நீதிமன்றத்தின் மொழி இங்கிலீஷ். செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

கடித நாவலின் பிறப்பிலேயே இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற அச்சுக்காரர், கடிதம் எழுதத் தெரியாத நாட்டுப்புறத்தாருக்காக மாதிரிக் கடிதங்கள் தயாரித்துக்கொண்டிருந்தபோதுதான் 1740-ல் வெளிவந்த 'பமீலா'வுக்கான கரு கிடைத்தது. வேலைக்காரப் பெண் எழுதுகிறாள், எஜமானன் கடிதத்தைத் திருடிப் படிக்கிறான், முடிவில் அவளையே கட்டிக்கொள்கிறான். வெப்ஸ்டரும் அங்கேயே போய் நிற்கிறார். ஜான் ஸ்மித் யாரென்றால் தோழியின் சித்தப்பா. அவளுக்குத் தெரியாமல் பக்கத்திலிருந்து பழகியவர், அவள் போகக்கூடாத இடத்துக்குச் செயலாளர் மூலம் தடை போட்டவர். கடைசியில் கல்யாணம். ஜப்பானில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் படிப்புதவி தரும் 'அஷினாகா' அமைப்பு இந்த நாவலின் ஜப்பானியத் தலைப்பிலிருந்துதான் பெயர் எடுத்தது. உதவுகிறவருக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும். எனக்குப் பிடித்தது வேறொரு கடிதம்: எழுதிச் சம்பாதித்த 1,000 டாலரை, பட்ட கடனில் ஒரு பகுதி என்று சொல்லி அவள் திருப்பி அனுப்புவது.

போன முறை படித்த பிள்ளைகள் கடைசிக் கடிதத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு முடிவு இங்கிலீஷிலேயே எழுதிக்கொண்டு வந்தார்கள், பிழை ஏகத்துக்கு. ஒருத்தி ஸ்மித்திடம் கணக்குக் கேட்டிருந்தாள்: நாலு வருஷம் என் கடிதத்தையெல்லாம் படித்தீரே, நீர் எழுதினது எத்தனை என்று.