தூரத்துக்கு யார் பணம் கட்டுவது?



பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை எப்போது தொடங்கியது என்று கேட்டால், 1948 ஜூலை 5 என்று எழுதி மார்க் வாங்கிவிடுவோம். ஆனால் அதற்கு 35 வருஷம் முன்னாலேயே ஸ்காட்லாந்தின் ஏழைக் கிராமங்களில் அதற்கு ஒத்திகை நடந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இந்த மலரில் சொல்ல வந்தேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கும் மேற்கும் மலையும் தீவுமான பூமி. அங்கே 'பாரிஷ்' என்பது தேவாலயத்தை மையமாகக் கொண்ட ஊர்த்தொகுதி. ஏழைகளைக் கவனிக்கும் பொறுப்பும் அதற்கே. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவிப் பட்டியலில் இருந்த பரம ஏழைகளுக்கு பாரிஷ் வாரியம் வைத்திய வசதி செய்து தர வேண்டும். சரி, பட்டியலில் இல்லாத சிறு குடியானவன் என்ன செய்வான்? 'குரோஃப்டர்' என்று அவனுக்குப் பெயர். துண்டு நிலம், சில ஆடு மாடு, கொஞ்சம் மீன்பிடிப்பு. கையில் ரொக்கம் புழங்காது. டாக்டரோ பல மைல் குதிரையிலும் படகிலும் வரணும். தூரம் கூடக் கூட கட்டணமும் கூடும். அதனால் 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்றே காலம் கடத்தினார்கள். டாக்டர் முகத்தையே பார்க்காமல் செத்துப்போனவர்கள் அநேகம். அந்த மரணங்களுக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்லை.

டாக்டரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. வருமானம் சொற்பம், நல்ல வீடு கிடையாது, லீவில் போனால் மாற்று ஆள் கிடையாது. வாரியத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் வேலையும் போய்விடும்.

1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்குக் கொஞ்சம் கட்ட வேண்டும். குரோஃப்டருக்கு முதலாளி ஏது? சம்பளம் ஏது? அவன் வெளியே நின்றான். இந்தக் குறையை ஆராய 1912இல் சர் ஜான் டியூவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழுவினர் தீவு தீவாகப் போய் டாக்டர்கள், போதகர்கள், குடியானவர்கள் எல்லாரிடமும் சாட்சியம் கேட்டு, அந்த வருஷக் கடைசியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள்.

1913இல் சட்டம் வந்தது. வருஷத்துக்கு 42,000 பவுண்டு மானியம். ஸ்காட்லாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி, சுமார் 3 லட்சம் ஜனங்கள் இதில் அடக்கம். ஏற்பாடு ரொம்ப எளிமையானது. டாக்டரின் பயணச் செலவையும் குறைந்தபட்ச வருமானத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும். நோயாளி பக்கத்து வீடானாலும் மலைக்கு அப்பால் ஆனாலும் ஒரே சிறு கட்டணம்தான். அதுவும் இல்லை என்பதற்காக யாரையும் கைவிடக் கூடாது. நர்சுகளுக்கும் டாக்டர் வீடுகளுக்கும் பணம் வந்தது. 1933இல் ஐலா தீவிலிருந்து ஒரு மீனவரை விமானத்தில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்க்கும் அளவுக்கு நிலைமை மாறியது. 1936இல் கேத்கார்ட் குழு இந்தச் சேவையைப் பாராட்டியது. 1948இல் இது தேசிய சேவையோடு கலந்தது.

'கிராமத்துக்கு டாக்டர் போக மாட்டேங்கிறாங்க' என்று நாமும் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். டியூவர் குழு மனிதர்களின் மனசாட்சியைக் குடையவில்லை, கணக்கைப் பார்த்தது. தூரத்தின் செலவை நோயாளி தலையிலிருந்து இறக்கி ஊர்ப்பொதுவில் வைத்ததும் டாக்டரும் வந்தார், நோயாளியும் கூப்பிட்டான். நாளைக்கு அதிகாரியாகவோ டாக்டராகவோ ஆகப்போகும் தம்பி தங்கைகளே, குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.