செந்தோசாவில் 55வது நகர்வு: குகேஷ் – டிங் லிரென் 14வது ஆட்டம்

உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14வது ஆட்டம், 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரின் செந்தோசா தீவில் நடைபெற்றது. நடப்பு வெற்றியாளரான சீனாவின் டிங் லிரென், சென்னையைச் சேர்ந்த குகேஷ் இருவரும் தலா 6.5 புள்ளிகள் எடுத்திருந்தனர். இந்த ஆட்டமும் சமனில் முடிந்தால், மறுநாள் விரைவு ஆட்டங்களில் முடிவு தெரிந்திருக்கும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், முதலில் குதிரையை எஃப்3 கட்டத்துக்கு நகர்த்தினார். பிறகு ஜி-சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளி, மந்திரியை ஜி2இல் வைத்தார். இந்த மந்திரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் முடிவு அதைச் சுற்றியே அமைந்தது.

இந்தத் தொடக்கம் ‘தலைகீழ் கிரன்ஃபெல்ட்’ எனப்படும். கிரன்ஃபெல்ட் தற்காப்பு கறுப்புக் காய்களுக்கு உரியது. 1922இல் அதை ஆடிய ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டின் பெயரைக் கொண்டது. பலகையின் நடுப்பகுதியை எதிராளி பிடிக்கட்டும் என விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து மந்திரியால் அதைத் தாக்குவதே அதன் உத்தி. அதையே வெள்ளையில் ஆடினால் ஒரு நகர்வு கூடுதலாகக் கிடைக்கிறது. குகேஷ் 9வது நகர்வில் தம் சிப்பாயை டி4க்குக் கொண்டுசென்றார். 11வது நகர்வில் டிங் அதை வெட்டினார்.

நடு ஆட்டத்தில் டிங்கின் நிலை மோசமாக இல்லை. ஆனால் அவர் காய்களை வெட்டிக் குறைப்பதிலேயே குறியாக இருந்தார். 29வது நகர்வில் ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்து, அரசிகளைப் பலகையிலிருந்து நீக்கினார். கோட்டையும் மந்திரியும் இருக்கும்வரை அந்த நிலையில் தாக்குப்பிடிக்க முடியும். குகேஷ் விடவில்லை, சமனுக்கு இறங்காமல் அரசரை மெல்ல மெல்ல முன்னே கொண்டுவந்தார்.

53வது நகர்வில் டிங்கின் மந்திரி ஏ8 மூலைக்குச் சென்றது. அங்கிருந்து அது நகர ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. 55வது நகர்வில் அவர் கோட்டையை எஃப்2க்கு இழுத்தார். குகேஷ் உடனே கோட்டைகளை வெட்டிக்கொண்டு, தம் மந்திரியை டி5இல் நிறுத்தினார். மூலையில் சிக்கிய மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. மந்திரிகளும் வெட்டுப்பட்டதும் எஞ்சியவை அரசர்களும், கறுப்பின் இரு சிப்பாய்களும், வெள்ளையின் ஒரு சிப்பாயும் மட்டுமே.

58வது நகர்வுடன் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5–6.5 எனும் கணக்கில் வென்ற குகேஷுக்கு அப்போது வயது 18. அதற்குமுன், 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற கேரி காஸ்பரோவே ஆக இளைய மறுப்பில்லா உலக வெற்றியாளராக இருந்தார்.